நடராசன் என்று கூப்பிட ஒரு பிள்ளை

6-3-1958, திண்டிவனம்

பிரசவ லீவு இன்னும் பதினைந்து நாள்தான். பையனுக்கு இரண்டு மாதம் முடிந்தும் பெயர் வைக்கவில்லை. யோசிக்க ஒன்றுமில்லை — நடராசன். மூன்று வருஷத்துக்கு முன் டைபாய்டில் போன என் அண்ணன் பெயர். அப்பா கூடாதென்று நின்றபோது, என்னை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் டிரெயினிங் ஸ்கூலில் சேர்த்தவன். நான் டீச்சர் ஆனது அவனால்தான்.

அண்ணி தையல்நாயகி என்னோடுதான் இருக்கிறாள். பிள்ளை இல்லை. இன்று தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: "கட்டினவரு பேரு. என் வாயால நான் சொல்லக் கூடாது வேணி. நீ கூப்புடு, நான் கேட்டுக்கினு இருக்கேன். அது போதும்."

வேறெதுவும் அவள் என்னிடம் கேட்டதில்லை.

20-4-1958, விழுப்புரம்

முடிந்தது. என் பிள்ளைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, நான் இல்லாமலே.

ஞாயிற்றுக்கிழமை என்று நானும் பையனும் மட்டும் வீட்டுக்காரரின் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தோம். "காத்தாட தூக்கிக்கினு போய்ட்டு வர்றேன்" என்று பையனை வாங்கிக்கொண்டு போனார். போனது பொதுக்கூட்டத்துக்கு. மேடையில் ஏறிப் பேச்சாளர் கையில் கொடுத்திருக்கிறார். அந்த மனுஷர் பந்தியில் பாயசம் ஊற்றுகிற மாதிரி வரிசையாக ஏழு பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தாராம். அதில் நாலு ஆண். நாலுக்கும் ஒரே பெயர் — வெற்றிவேந்தன்.

"ரயில்ல வரும்போதே யோசிச்சிக்கினு வந்தாராம். சுத்தமான தமிழ்ப் பேரு. ஜனங்க எப்படிக் கை தட்டினாங்க தெரியுமா?"

"எங்கண்ணன் பேருதான்னு உங்ககிட்ட எத்தினி தடவ சொன்னேன்?"

"செத்தவன் பேர வச்சா வீடு வெளங்குமா? பேஜாரு பண்ணாத."

சகுனம் பார்க்காதே என்று மேடையில் பேசினால் முதலில் கை தட்டுகிறவர் இவர்தான். வீட்டுக்கு வந்ததும் சகுனம் வந்துவிடுகிறது. அண்ணியிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன்?

21-4-1958, திண்டிவனம்

சொன்னேன். "நல்ல பேருதான்" என்றாள். கேப்பைக் கூழ் கிண்டப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

11-11-1960

எதிர்வீட்டில் ஆண் பிள்ளை. வெற்றிவேந்தனாம். சைக்கிள் கடை முருகையன் பிள்ளையும் அதேதான். கூப்பிட்டால் தெருவே திரும்புகிறது. அண்ணி மட்டும் எங்கள் பிள்ளையைத் 'தம்பி' என்கிறாள். அந்தப் பெயர் அவள் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை.

2-6-1963, திண்டிவனம்

நாளை பையனைப் பள்ளியில் சேர்க்கவேண்டும். என் ஒன்றாம் வகுப்பில்தான். வீட்டுக்காரர் விண்ணப்பத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு, "மீதிய நீயே ரொப்பிக்கோ, டீச்சர்தானே" என்று ரயிலுக்கு ஓடினார்.

மொட்டையன் என்றும் குப்பன் என்றும் வருகிற பிள்ளைகளுக்கு நாங்கள் எழுதுவதுதான் பெயர். போன வருஷம் ஒரு மொட்டையனை ராஜாமணி ஆக்கியது என் பேனாதான். ரிஜிஸ்தரில் ஏறிவிட்டால் சாகிறவரை அதுதான். இது ஏன் எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை?

நடராசன் என்று எழுதினேன். தகப்பனார் பெயரையும் எழுதினேன். வாயால் சொல்லக் கூடாதே தவிர, எழுதலாம்.

பையனிடம் சொன்னேன். வாய் நிறைய மல்லாட்டைக் கடலையோடு தலையாட்டினான். அண்ணியைப் பத்து மணிக்கு வகுப்புச் சன்னலண்டை வரச் சொன்னேன். அவள் இன்று இரண்டு தடவை சிரித்தாள்.

3-6-1963

"நடராசன்."

யாரும் எழவில்லை. அண்ணி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் தடவையும். என் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீதாண்டா. எழுந்திரு."

"அது படத்துல இருக்கற மாமா பேரு. அவுரு செத்துட்டாரு. எம்பேரு வெற்றிவேந்தன்."

வகுப்பே சிரித்தது. அறைந்துவிட்டேன். அதற்கும் அவன் எழவில்லை. திரும்பிப் பார்த்தபோது அண்ணி போய்விட்டிருந்தாள்.

யார் மேல் கோபம் எனக்கு? இவன் அப்பா மேலா? ரயிலில் யோசித்துக்கொண்டு வந்தவர் மேலா? அடி வாங்கினது ஐந்து வயதுப் பிள்ளை.

சாயங்காலம் அண்ணி அவன் கன்னத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "மாத்திடு வேணி. மூணு தடவ கூப்புட்ட. ஒருத்தரும் ஏன்னு கேக்கல. இன்னொரு தடவ அத என் காதால கேக்க மாட்டேன்."

4-6-1963

எழுதும்போது தவறிவிட்டது என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். நடராசன் என்பதைச் சிவப்பு மையில் அடித்து, மேலே வெற்றிவேந்தன் என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

என் வகுப்பில் இவனோடு ஐந்து வெற்றிவேந்தன்கள். குழப்பம் வராமலிருக்க எண் போட்டுக் கூப்பிடுகிறேன்.

"வெற்றிவேந்தன் ஐந்து."

"உள்ளேன் டீச்சர்" என்று எழுந்து நின்றான். ஐந்து பேரில் அவன் குரல்தான் பெரிது.

வீட்டுக்கு வந்தால், அண்ணி அவனை வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தம்பி என்று இல்லை. வெற்றிவேந்தா, சாப்பிட வா என்று.