நீங்கள் குடிக்காத தண்ணீர்

அக்கா,

இன்று காலை தர்ம வைத்தியசாலையில் மருந்துக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒருத்தி தன் தாயின் முழங்காலுக்கு ஜாதிக்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் வயிற்றைப் புரட்ட, எழுந்து வெளியே வந்துவிட்டேன். நீங்கள் போய் ஆறு வருடம் ஆகிறது. இன்னும் என் வயிறுதான் முதலில் உங்களை அடையாளம் கண்டுகொள்கிறது.

மருந்து வாங்காமலே வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இந்த அளவுக்கு எழுத வந்தது உங்களால்தான். மத்தியானங்களில் உங்களுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டிப் பழகிய தமிழ் இது. எந்தக் கப்பல் வந்தது, யார் வீட்டில் கல்யாணம் என்று ஒன்று விடாமல் கேட்பீர்கள்.

துறைமுகத்தில் வேலை படுத்துவிட்ட வருடத்தில்தான் உங்கள் வீட்டுப் படி ஏறினேன். என் கணவர் தொங்கான் படகில் மூட்டை ஏற்றுகிறவர். வாரத்தில் ஒரு நாள் கூப்பிட்டால் பெரிது என்று ஆகியிருந்தது. நிபோங் திபாலில் தோட்டத்தில் எங்களோடு ரப்பர் பால் வெட்டியவர்களையெல்லாம் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் நிற்க எங்களுக்கு ஒரு கூரை கிடையாது. சூலியா தெருவுக்குப் பின்சந்தில், ஜவுளிக் கடையின் மேல்மாடியில், பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஓர் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஓடிவந்தேன்.

உங்கள் மருமகள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாமியத் தூக்கணும், குளிப்பாட்டணும், பொழுதுக்கும் திருப்பித் திருப்பிப் போடணும். முன்னாடி இருந்தவ புள்ள உண்டாகி நின்னுட்டா. உனக்கு அப்படி ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடு லா, நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

"இல்லீங்க" என்றேன். அன்றைக்கு அது உண்மை.

நீங்கள் நல்ல பருமன். வலது கையும் காலும் கட்டையாகக் கிடக்கும். கட்டிலிலிருந்து மலங்கழிக்கும் நாற்காலிக்கு உங்களை மாற்ற நான் குனிந்து நிற்பேன். நீங்கள் இடது கையை என் கழுத்தில் போட்டு "பிஸ்மில்லாஹ்" என்பீர்கள். அந்தச் சொல்லில் நான் தூக்குவேன். ஒரு நாளைக்கு ஏழு எட்டுத் தடவை. சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது இடுப்புக்குக் கீழே கால் என்னுடையது மாதிரியே இருக்காது.

உங்கள் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் பேச்சு குழறும். பெற்ற மகனுக்கே பாதிதான் புரியும். ஒரு மாதத்தில் எனக்கு முழுக்கப் புரிய ஆரம்பித்தது. பிறகு அந்த வீட்டில் உங்கள் பேச்சை நான்தான் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். "என்ன சொல்றாங்க?" என்று மருமகள் என் முகத்தைத்தான் பார்ப்பார்.

மழைக்காலம் தொடங்கிய சமயம். உங்கள் காலுக்கு ஜாதிக்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் பாதியில் ஜன்னலுக்கு ஓடினேன். திரும்பி வந்து வாயைத் துடைத்தபோது நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எத்தன நாளு தள்ளிப்போயிருக்கு?"

"அப்படி ஒண்ணும் இல்லக்கா. ராத்திரி சாப்பிட்டது சேரல."

"அஞ்சு பெத்தவகிட்ட வந்து சொல்றா பாரு."

உங்கள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முதல் பிள்ளை தோட்டத்தில் ரப்பர் பால் வாளி சுமந்தபோதே போய்விட்டது என்று சொன்னேன். இந்த வேலையும் போனால் அடுப்பு எரியாது என்று சொன்னேன். "கீழ சொல்லிடாதீங்கக்கா."

"நான் சொன்னா அங்க யாருக்குப் புரியப் போவுது?" என்றீர்கள். இழுத்துக்கொண்ட அந்த வாயோடு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்த மாடியில் நாம் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாளிலிருந்து நீங்கள் மாறிப்போனீர்கள். குளிப்பாட்ட வந்தால் "குளிருது, வேணாம்." நாற்காலிக்கு மாற்ற வந்தால் "இப்ப வரல, அப்புறம் பாப்போம்." திருப்பிப் போடுவதற்குப் படுக்கை விரிப்பைப் பிடித்து இழுக்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். நல்ல காலை ஊன்றி நீங்களே எம்பிப் பார்ப்பீர்கள். நெற்றி நரம்பு புடைக்கும். ஏழு எட்டுத் தடவை நாலாகி, பிறகு இரண்டாயிற்று. உங்களுக்கு என்மேல் பிரியம், அதனால் அடக்கிக்கொள்கிறீர்கள் என்று நினைத்தேன். எப்படி அடக்குகிறீர்கள் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க எனக்கு விருப்பமில்லை.

நாலு நாள் கழித்து மருமகள் மாடிக்கு வந்து மூக்கைச் சுளித்தார். "ஏன் குளிப்பாட்டல?" நீங்கள் அவசரமாக ஏதோ சொன்னீர்கள். "என்ன சொல்றாங்க?" என்று அவர் என் பக்கம் திரும்பினார். 'அவளை ஏசாதே, நான்தான் வேண்டாம் என்றேன், அவளுக்கு உடம்பு சரியில்லை' என்பதுதான் நீங்கள் சொன்னது. "குளிருதாம்" என்று மட்டும் சொன்னேன். அன்று உங்களைத் தூக்கிக் குளிப்பாட்டினேன். நான் மூச்சுப் பிடித்துத் தூக்கியபோது நீங்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டீர்கள், உங்களுக்கே வலிப்பது போல.

மூன்றாம் மாதத்தில் ஒரு விடியலில், எங்கள் வீட்டுக் கொல்லையில், அது போய்விட்டது. பக்கத்தில் பிரசவம் பார்க்கும் மலாய்க்காரப் பெண்மணி வந்து வேண்டியதைச் செய்தார். "தூக்கினதாலயா?" என்று கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாருக்குத் தெரியும்?" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். என் கணவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் என்று உங்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினோம். இரண்டு நாள்தான் படுக்க முடிந்தது. அதற்குள் இன்னொருத்தி வேலை கேட்டு வந்துவிட்டாள் என்று சேதி வந்தது. மூன்றாம் நாள் காலை துணியை இறுகக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

நீங்கள் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்கள். என்னைக் கண்டதும் இடது கையை நீட்டினீர்கள். என் கையைப் பிடிக்கத்தான் என்று நினைத்தேன். என் வயிற்றைத் தொட்டீர்கள்.

"சுகமா?"

"சுகம்தான்க்கா" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடினீர்கள். கண்ணோரத்தில் நீர் வழிந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்றுதான் சொல்லாமல் இருந்தேன். இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்வது அதுதான். ஆனால் இன்னொன்றும் இருந்தது. என் உடம்பு கிழிந்துகிடந்தது. நின்றால் ரத்தம் போனது. நான் பிள்ளைத்தாய்ச்சி என்று நீங்கள் நினைத்திருக்கும்வரை என்னைத் தூக்கச் சொல்லமாட்டீர்கள். அது எனக்கு வேண்டியிருந்தது, அக்கா.

நாலைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம். நல்ல வெயில். உங்கள் தலைமாட்டில் தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டுக் கீழே போனவள், மறந்துவிட்ட விசிறியை எடுக்கத் திரும்பி வந்தேன். நீங்கள் குவளையை இடது கையில் எடுத்து, நடுங்க நடுங்கக் கட்டிலுக்குக் கீழே இருந்த எச்சில் படிக்கத்தில் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். ஒரு சொட்டுக்கூட உங்கள் வாய்க்குப் போகவில்லை. உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. இத்தனை நாளும் காலிக் குவளையைப் பார்த்து, குடித்துவிட்டீர்கள் என்று கழுவி வைத்தவள் நான்.

"என்னக்கா பண்றீங்க?"

திருட்டில் அகப்பட்டவர் போலப் பார்த்தீர்கள். "குடிச்சா உன்னைத்தானே கூப்பிடணும்? மூணு மாசம் தாண்டட்டும், தங்கச்சி. அப்புறம் கொடம் கொடமா குடிக்கறேன்."

நான் அந்தக் குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்வதற்கு அது ஒன்றுதான் நேரம். வாய்வரை வந்தது. "இப்ப கொஞ்சம் குடிங்கக்கா" என்று கெஞ்சினேன். எனக்காக இரண்டு மடக்கு குடித்தீர்கள். அதற்குமேல் பல்லைக் கடித்துக்கொண்டீர்கள். மறுநாளும் கெஞ்சினேன். அதற்கடுத்த நாளும். உண்மையை மட்டும் சொல்லவில்லை. சொன்னால், இத்தனை நாள் எதற்காகத் தாகத்தோடு கிடந்தோம் என்று கேட்பீர்களே.

பிறகு உங்களுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. சிறுநீர் இறங்கவில்லை, இறங்கிய கொஞ்சமும் கறுத்துப் போயிருந்தது. உங்கள் மகன் டாக்டரை அழைத்து வந்தார். அவர் உங்கள் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தார். அது அப்படியே நின்றது. "உடம்புல தண்ணியே இல்ல. எத்தனை நாளா இவங்க தண்ணி குடிக்கல?"

மருமகள் என்னைப் பார்த்தார். "நீ தண்ணி குடுக்கலையா?"

"குடுத்தேங்க."

அதுவும் உண்மைதான். அந்த வீட்டில் நான் சொன்னதெல்லாம் ஒரு வகையில் உண்மையாகத்தான் இருந்தது.

பதினோரு நாள் கிடந்தீர்கள். அதற்குப் பிறகு கரண்டி கரண்டியாக ஊற்றியும் தங்கவில்லை. கடைசி நாள் சாயங்காலத்து அசர் பாங்கு சொல்லி முடிந்த நேரம், வீடு முழுக்க உறவுக்காரர்கள். உங்களை நிமிர்த்திச் சாய்த்து வைக்க நான் குனிந்தேன். என் கழுத்தில் கை போடாமல் என்னைத் தள்ளினீர்கள். உதடு அசைந்தது. "நீ தூக்காத. அவங்க தூக்கட்டும்."

"என்ன சொன்னாங்க?" என்று மருமகள் பதறிப்போய்க் கேட்டார். அறையில் எல்லார் கண்ணும் என்மேல்.

"தண்ணி கேட்டாங்க" என்றேன்.

ஓடிப்போய்க் கொண்டுவந்தார்கள். உங்கள் மகன் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தார். அது ஓரமாக வழிந்து தலையணைக்குப் போயிற்று. அதன்பின் நீங்கள் பேசவில்லை.

உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டும் வேலையை உங்கள் சனத்துப் பெண்களே எடுத்துக்கொண்டார்கள். நான் வாசற்படியில் நின்றேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி சொன்னது கேட்டது: "எவ்வளவு பாரமான மனுஷி! இப்ப இவ்வளவு லேசா இருக்காங்களே."

மருமகள் என்னை ஏசி அனுப்பவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டாய் என்று உங்கள் கைலி இரண்டைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு அப்புறம் உண்டாகவேயில்லை. என் கணவருக்கு இப்போது மறுபடி வேலை இருக்கிறது. நானும் ஒரு சீன வீட்டில் கிழவர் ஒருவரைத் தூக்கி இறக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். முதுகு போய்விட்டது, அதற்குத்தான் இன்று மருந்து வாங்கப் போனேன். மனசு ஆறும் என்று எல்லாருக்கும் சொல்வார்கள். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. உங்களுக்கு எட்டும் என்ற நம்பிக்கையிலும் இதை எழுதவில்லை.

அந்த மத்தியானம் குவளையோடு நின்றபோது சொல்லியிருக்க வேண்டியது நாலைந்து வார்த்தைதான். இத்தனை வருடமும் அது என் தொண்டையிலேயே இருக்கிறது. சோறு அதைத் தாண்டித்தான் இறங்குகிறது. இன்று ஒரு தடவையாவது எழுதிப் பார்க்கிறேன்.

புள்ள போயிடுச்சுக்கா. நீங்க தண்ணி குடிங்க.