புவனாவின் சோதனைக்குழாய்

வியாழக்கிழமை, இரவு

தூக்கம் வரவில்லை. இன்று கெமிஸ்ட்ரி லேபில், கொடுத்த உப்பு என்னவென்று கண்டுபிடிக்கும் வகுப்பு. பக்கத்து மேசை புவனா சோதனைக்குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பழுப்பு வளையம் தெரியுதாடி?" என்று கேட்டாள். என் வேலை அவசரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத் தெரியுது. நைட்ரேட்தான், எழுது" என்றேன். நோட்டில் போட்டு வைத்திருந்த கேள்விக்குறியை அழித்துவிட்டு எழுதினாள்.

மேடம் சிவப்பு மையால் அடித்தார். "இது நைட்ரேட்டே இல்ல. யாரைக் கேட்டு எழுதுன? முதல்லேருந்து செஞ்சு காட்டிட்டுப் போ."

புவனா என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தான் எழுதுனேன் மேடம்" என்றாள். நான் அவளைத் தனியே விட்டுவிட்டு ஒரத்தநாடு பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்துவிட்டேன்.

இருட்டிய பிறகு போன் செய்தாள். "புரோமைடுடி அந்த உப்பு, அதுவும் பழுப்பாத்தான் காட்டுமாம். இப்பதான் பட்டுக்கோட்டையில எறங்குறேன். நீ சாப்டியா?"

சாப்பிட்டேன் என்று மட்டும் சொன்னேன். திட்டியிருந்தாலாவது தேவலை.

நாளை மேடத்திடம் சொல்லிவிட வேண்டும். "நேத்தே ஏன் சொல்லல?" என்று கேட்பார். கேட்கட்டும்.