பின்னிறக்கை பார்க்கக் குனிந்தவளுக்கு

இன்று போச்சம்பள்ளியில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் கால் பட்டு, சாலையோரத்துக் கிலுகிலுப்பைச் செடி ஆடியது. காய்ந்த காய்கள் கலகலத்தன. வெள்ளையாய் ஓர் அந்துப்பூச்சி எழுந்து புல்லில் விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் போனிலிருந்து தலை தூக்கவில்லை. நான் மட்டும் அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாம் கம்பெனியில் ஒரே அசெம்பிளி லைனில் வேலை பார்த்தோம், ஒரே ஹாஸ்டல் அறையில் படுத்தோம். ஞாயிற்றுக்கிழமை மற்றப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருக்க, நீ என்னைக் கம்பெனிகளுக்குப் பின்னாலிருந்த புல்வெளிக்கு இழுத்துப் போவாய். பகலில் புல்லுக்குள் ஒண்டியிருக்கும் அந்துப்பூச்சிகள் நம் காலடி அரவத்துக்கு எழும். கொஞ்ச தூரம் பறந்து மறுபடி விழும். "பறக்குறதப் பாக்காத, விழுற எடத்தப் பாரு" என்பாய். என் நிழல் அதன்மேல் விழுந்தால் திட்டுவாய். லைனில் உனக்குப் 'பூச்சிக்காரி' என்று பெயர். கேட்டுச் சிரித்துக்கொள்வாய்.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை புல்லிலிருந்து எழுந்ததும் இதே பூச்சிதான். வெள்ளை இறக்கையில் சிவப்பும் கறுப்புமாய்ப் புள்ளிகள். போனில் ஒரு படம் எடுத்தாய். போதவில்லை.

"இதுல ரெண்டு வகை இருக்குடி. மேல பாத்தா ஒண்ணுபோலத்தான் இருக்கும். பின்னிறக்கைய விரிச்சாத்தான் எதுன்னு சொல்ல முடியும்."

குனிந்து புல்லை விலக்கினாய். உள்ளே பாம்பு சுருண்டிருந்தது.

ரோட்டில் நான் மறித்து நிறுத்திய பைக்கில் வந்தவர், "பொட்டப்புள்ளைங்களுக்குக் காட்டுல என்ன வேல?" என்று கேட்டு, பதிலுக்கும் காத்திருந்து, அப்புறம்தான் நம்மை ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் என்ன கடித்தது என்றார்கள். வீங்கிய கையைப் பிடித்தபடி நீயே சொன்னாய்: "கண்ணாடி விரியன். நல்லாப் பாத்தேன்." சரியாகத்தான் சொன்னாய். மருந்து ஏற்றினார்கள். அப்படியும் சிறுநீரகம் நின்றுபோனது.

பாம்பைப் பெயர் சொல்லாமல் 'பூச்சி' என்பார்களே, அது சிலருக்கு வசதியாகிவிட்டது. நீ போன செய்தி வந்ததும் லைனில் ஒருவன் சொன்னான்: "பூச்சிக்காரியப் பூச்சியே தூக்கிடுச்சு." நாலு பேர் சிரித்தார்கள். கன்வேயர் ஓடிக்கொண்டே இருந்தது.

சிவகங்கையிலிருந்து உன் அம்மா நேரே பிணவறைக்கு வந்தார். அழவில்லை.

"என்னத்தப் பாக்கப் போனீங்க?"

சொன்னேன். உன் போனில் இருந்த படத்தையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இத்துனூண்டு பூச்சிக்காகவா?"

நீ இருந்திருந்தால் அவரை உட்காரவைத்துப் பொறுமையாய் விளக்கியிருப்பாய். நான் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கேள்வியோடுதான் தினமும் பஸ் ஏறுகிறேன்.