உன் நினைவு நாள் சாப்பாட்டில் நான் எடுத்த முடிவு

என் செல்ல டேவிட் மாமா,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. பங்குக் கோவிலில் உன் பெயரில் பூசை வைத்தோம். பிறகு கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் அது அணைந்துகொண்டே இருந்தது. "கோடம்பாக்கத்துல இத்தினி வருஷம் லைட்மேனா இருந்தவன், இப்பவும் லைட்ட ஆஃப் பண்ணிக்கினே கீறான் பாரு," என்றார் அப்பா. அம்மா முறைத்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். உனக்கு அது கேட்டதா?

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்குப் பிளஸ் டூ முடிகிறது. மனநலம் சம்பந்தமான வேலைக்குத்தான் போவேன் என்று வீட்டில் எப்போதோ சொல்லிவிட்டேன். அதற்கு இரண்டு வழி இருப்பது அப்போது தெரியாது. நர்ஸிங் படித்து, பிறகு மனநலப் பிரிவில் சேர்ந்து செவிலியாகலாம். அல்லது சைக்காலஜி படித்து, அதற்கு மேலும் பயிற்சி பெற்று உளவியலாளர் ஆகலாம். இரண்டில் எதற்கு விண்ணப்பம் போடுவது? "ரெண்டும் ஆஸ்பத்திரிதானே, எதுனா ஒண்ணு போடு," என்று அப்பா சுலபமாக முடித்துவிட்டார்.

அம்மாவுக்குச் சைக்காலஜிதான். "நீ புக்கு படிக்கிற பொண்ணு. ஒரு ரூம்ல உக்காந்து பொறுமையா பேசுற வேலைதான் உனக்கு சரி," என்றாள். அது பாதிக் காரணம்தான். மீதி உனக்கே தெரியும். உன்னை முதன்முதலில் மனநல வார்டில் சேர்த்த அன்று, பயத்தில் நீ ஒரு நர்ஸின் கையை முறுக்கிவிட்டாய். அந்த நர்ஸ் மறுநாளே உன்னிடம் சாதாரணமாகப் பேசினார். அம்மாதான் இன்னும் மறக்கவில்லை. "உன் கையையும் எவனாவது முறுக்குவான்டி. என் தம்பிய பாத்ததே எனக்குப் போதும்," என்று போன வாரம் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

நான் இந்தக் குழப்பத்தில் இருக்கும்போதெல்லாம் அந்தச் சாம்பார் விவகாரம்தான் நினைவுக்கு வரும். மாத்திரை வேண்டாம் என்று நீ அடம்பிடித்த நாட்களில், அம்மா அதைப் பொடித்து உன் சாம்பாரில் கலந்தாள். உனக்குக் கசப்பு தெரிந்துவிட்டது. "அக்கா, சோத்துல இன்னாமோ கலக்குற நீ," என்று தட்டைத் தள்ளினாய். சந்தேகம் முற்றிவிட்டது, நோய் அதிகமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அம்மாவும் அதையே நம்பினாள். அதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. கலந்தவளே அவள்தானே?

அடையாறில் நீ பகலில் போய்வந்த மையத்தில், நர்ஸாக இருக்கும் செல்வி சிஸ்டர் அதைக் கண்டுபிடித்தார். அங்கே சமைத்ததை நீ வயிறாரச் சாப்பிடுகிறாய், வீட்டு டிபன் பாக்ஸை மட்டும் திறப்பதே இல்லை என்று கவனித்தார். அம்மாவைத் தனியே அழைத்து, "இன்னாம்மா கலக்குறீங்க?" என்று நேராகக் கேட்டுவிட்டார். அதன் பிறகு அங்கிருந்த உளவியலாளர் அனிதா மேடம், அம்மாவை உன் எதிரில் உட்காரவைத்தார். அம்மா தானாகச் சொல்லும்வரை அவர் வாய் திறக்கவே இல்லையாம். கேட்டுவிட்டு நீ சிரித்தாயாம். "அப்ப அது ஒண்ணாச்சும் நான் கரெக்டா சொல்லிக்கீறேன்." அன்றிலிருந்து மாத்திரையை நீயே கையில் வாங்கிப் போட்டுக்கொண்டாய்.

ஒருவர் கவனித்தார். இன்னொருவர் சொல்லவைத்தார். அவர் இல்லாமல் இவரால் என்ன செய்திருக்க முடியும்? இவர் இல்லாமல் அவரால்? இரண்டு பேரில் நான் யார் மாதிரி?

போன மாதம் அனிதா மேடத்தைப் போய்ப் பார்த்தேன். எந்தப் படிப்பு என்று அவரே சொல்லிவிடுவார் என்ற ஆசை எனக்கு. அவர் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். "உங்க மாமா எந்த நோயும் இல்லாம நல்லா இருந்திருந்தா, நீ இந்தப் பக்கம் வந்திருப்பியாம்மா?"

"இப்பவே சொல்லணும்னு இல்ல," என்றார். மயிலாப்பூரில் வீடு வரும்வரை பஸ்ஸில் அதையே யோசித்தேன். உனக்காக ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்தால், உன்னைத் தெரியாதவர்களுக்கு அதில் நான் என்ன செய்வேன்?

உன் நினைவு நாளுக்கு அந்த மையத்தில் மதியச் சாப்பாடு கொடுத்தோம். அம்மாவே பிரியாணி செய்தாள். நானும் பரிமாறினேன். சேகர் அண்ணன் என்று ஒருவர், நீ போன பிறகு வந்தவர், தட்டைத் தொடவில்லை. "இதுல மருந்து கீது. எனக்கு வேணாம்," என்றார் சத்தமாக.

அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அனிதா மேடம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள்.

நான் பார்த்தது வேறு. எதிர்வரிசையில் ஒரு பெண், அந்தச் சத்தத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். நான் வாளியை வைத்துவிட்டு அவர் கூடவே நடந்தேன். வழியை மறிக்கவில்லை. "அக்கா, கை கழுவிட்டுப் போலாமா?" என்றேன். குழாயடியில் நெடுநேரம் நின்றார். பிறகு தானாகவே உள்ளே திரும்பினார். அதற்குள் இன்னும் இரண்டு பேர் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். அவர்களுக்குத் தயிர்ப்பச்சடி போட்டேன். ஒருவருக்குத் தண்ணீர் இல்லை, கொண்டுபோய் வைத்தேன்.

"பாப்பா, உன்ன யாருனா சொல்லி அனுப்பினாங்களா?" என்று செல்வி சிஸ்டர் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப சரி. இந்தா, அந்த மூலைக்கும் போ, சும்மா நிக்காத," என்று வாழைப்பழத் தட்டைக் கையில் திணித்தார். சேகர் அண்ணன் அதிலிருந்து உரிக்காத பழம் இரண்டை எடுத்துக்கொண்டார். பிரியாணியைக் கடைசிவரை தொடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த வீட்டுச் சண்டையைக்கூட ஜன்னலோரம் நின்று கேட்கிறவள் நான். மேடமும் சேகர் அண்ணனும் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. செல்வி சிஸ்டர் கண்ணில் உன் டிபன் பாக்ஸ் பட்டதுபோல, அந்தக் கூடம் முழுவதும் என் கண்ணில் இருந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. அந்த நேரம் முழுவதும் உன்னை நான் நினைக்கவே இல்லை மாமா. உன் நினைவு நாளிலேயே உன்னை மறந்திருந்தேன். நீ நோயில்லாமல் இருந்திருந்தாலும் நான் இந்தப் பக்கம் வந்திருப்பேன்; மேடம் கேட்டதற்குப் பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் நர்ஸிங் என்று சொன்னேன். "பயமா இருக்காதா?" என்றாள். இருக்கும் என்றேன்.

"அப்ப ஒண்ணு. எந்த ஊர்ல, எந்த வார்டுல இருந்தாலும், பயந்தா பயந்தேன்னு எங்கிட்ட சொல்லணும். அடிபட்டா காட்டணும். நான் தாங்க மாட்டேன்னு நீயா முடிவு பண்ணி மறைக்கக் கூடாது."

சரி என்று அவள் கையில் அடித்துச் சொன்னேன். அதையே உன்னிடமும் சொல்கிறேன். அம்மா அழுதாலும், அந்த வேலையே வேண்டாம் என்று கத்தினாலும், அன்று நடந்ததை அன்றே அவளிடம் சொல்வேன். மறுநாள் டியூட்டிக்கும் போவேன்.

உன் அக்கா மகள்,
ரீட்டா