தகடு விழுந்தால் திரும்புகிறவள்

என் கன்னிம்மாவுக்கு,

சொல்வது நான், எழுதுவது அடுத்த வீட்டுப் பெண்.

கால்வாய் பொங்கி நம் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதே, வடிந்த பிறகு வீட்டுக்கு முதல்முதலாகக் கரண்ட் வந்ததே, அந்த வருஷம். தேவிக்கு எட்டு மாதம். "கொயந்த கூப்டா திரும்ப மாட்டேங்குதுய்யா. காது கேக்கலன்னு நெனைக்கிறேன்" என்றாய்.

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லோடு தூக்குகிறவன் வீட்டில் தகட்டுக்கா பஞ்சம்? அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தகட்டை நிமிர்த்தி நிறுத்தி, தரையில் விழும்படி கையை விட்டேன். குழந்தை திடுக்கிட்டுத் திரும்பினாள். "பாத்தியா? சும்மா பேஜார் பண்ணாத" என்றேன். என் அம்மாவும் என் பக்கம். நீ கேட்கும்போதெல்லாம் அதையே செய்தேன், மூன்று வருஷம். நீ ஒருநாளாவது நம்பினாயா?

அப்புறம்தான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், தரை அதிர்ந்ததற்குத்தான் திரும்பியிருக்கிறாள் என்று.

நீ போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். தேவிக்குப் பத்து நாள் முன்பு பையன் பிறந்தான். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வந்தாள். கையில் செல்போன் அளவுக்கு ஒரு மெஷின், ஒயர் நுனியில் ரப்பர். தூங்குகிற பிள்ளையின் காதில் வைத்தாள். மெஷின் மெல்லிசாகச் சத்தம் விடுமாம், நல்ல காதாக இருந்தால் உள்ளேயிருந்து பதில் சத்தம் வருமாம். பிள்ளை கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"ரெண்டு காதும் சரியா வரல தாத்தா. பயப்படாதீங்க, காதுல ஈரம் கீரம் இருந்தாலும் இப்டிதான் காட்டும். ஆனா மறுபடி கட்டாயம் தூக்கினு வரணும்."

பிரசவத்துக்குத் தேவி நம் வீட்டில்தான் இருக்கிறாள். நேற்று மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் வந்திருந்தார்கள். அந்த அம்மா ஒரே பிடிவாதம்.

"இன்னாண்ணே, மிசினு இன்னா கடவுளா? பக்கத்து கொடவுன்ல தகடு வுழுந்தா புள்ளைக்கு தூக்கிவாரிப் போடுது. காது நல்லா கீது. சும்மா ஆஸ்பத்திரிக்கு அலையணுமா?"

மாப்பிள்ளையும் தலையாட்டினான்.

தேவி வாசலுக்கு முதுகைக் காட்டித் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய், வாசலில் கிடந்த தகட்டை நிறுத்திக் கையை விட்டேன். தேவி திரும்பினாள்.

"திரும்புனாளாம்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மாவைக் கேட்டேன்.

"திரும்பிச்சி."

"அவளுக்குக் காது கேக்குதா?"

மாப்பிள்ளை ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

'என்ன?' என்று தேவி கையால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். முப்பது வருஷமாக அவளுக்கு நான் அதைத்தான் சொல்லிவருகிறேன். தன் குறை சின்ன வயசில் யாருக்கும் தெரியவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். உனக்குத் தெரிந்திருந்தது என்று நீயும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றவா கன்னிம்மா?

திங்கட்கிழமை பிள்ளையை நானே தூக்கிப் போகிறேன். மெஷின் எது சொன்னாலும் சரி, வீட்டுக்கு வந்ததும் தேவியிடம் சொல்லிவிடுவேன்: அம்மாவுக்குத் தெரியும், அப்பன்தான் கேட்கவில்லை. அதற்கான சைகை முழுக்க எனக்குத் தெரியாது. தெரிந்தவரை சொல்வேன். என் அம்மா போய்விட்டாள், நீயும் போய்விட்டாய். அன்று நான் தகட்டைப் போட்ட அறையில் இருந்தவர்களில், நான் மன்னிப்புக் கேட்க இன்னும் உயிரோடு இருப்பவள் தேவி.

கைநாட்டு:
தேவியின் அப்பன், உன் வீட்டுக்காரன்