மீன் வண்டியில் கேட்ட இரைச்சல்

அன்பு மகள் அஸிமினாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என் காது இரண்டையும் தவிர. மெல்போர்னில் நீயும் சுகமாக, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் எப்படிச் சொல்வது, உன் அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் தோளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். இது அவர் இல்லாமல் சொல்ல வேண்டிய விஷயம்.

நம் மீன் வண்டியின் ஒலிபெருக்கியில் ஈஸ்டர் முடிந்ததிலிருந்து ஒரு இரைச்சல். ஙீ... என்று, தகர டப்பாவுக்குள் குளவியைப் போட்டு மூடிய மாதிரி. உன் அப்பா மைக்கில் மத்தி என்று கத்தினாலும் நெத்திலி என்று கத்தினாலும் வெளியே கேட்பது ஙீ மட்டும்தான். ஊர்ப் பெண்கள் குரலைக் கேட்டுத்தானே தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். என்ன மீன் என்று புரியாவிட்டால் யார் வருவார்கள்? லாரிசா ஊரிலிருந்து வருகிற அந்த மீன்காரன் புது வண்டியில் மணி அடித்த மாதிரி கூவிக்கொண்டு நமக்கு முன்னாலேயே எல்லா ஊரையும் சுற்றிவிடுகிறான். நாங்கள் வோலோஸ் துறைமுகத்தில் விடியும் முன் வாங்கிய மீன் உச்சி வெயிலில் அப்படியே கிடக்கும், ஐஸ் உருகிக் கால் செருப்பெல்லாம் நாற்றம். பாதி மத்தியைப் பூனைகளுக்குக் கொட்டினேன், அதுகளே முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின. மேல் ஊர் காருஃபாலியா ஜன்னலைத் திறந்து, “ஏன் ரிஸோஸ், இப்ப மீனை விட்டுட்டுத் தேனீ வளர்க்கிறியா?” என்று கேட்டுவிட்டுப் பட்டென்று சாத்திக்கொண்டாள். உன் அப்பா முகம் செத்துப்போயிற்று. இந்தக் கோடை முழுக்க இப்படியே போனால் வண்டியை விற்றுவிட்டுத் துறைமுகத்தில் பெட்டி தூக்கப் போகிறேன் என்றார். இந்த வயதில், அந்த முதுகை வைத்துக்கொண்டு.

உன் சித்தப்பா ஃபோடிஸ் விடுவாரா, எல்லாம் தெரிந்தவர் ஆயிற்றே. எர்த் ஒயர் சரியில்லை என்று வண்டியின் தரையில் பெயின்டைச் சுரண்டினார். நீல வண்டி சொறிநாய் மாதிரி ஆனதுதான் மிச்சம், இரைச்சல் அப்படியே இருந்தது. கரண்டு ஒயரும் மைக் ஒயரும் ஒன்றாகப் போகக்கூடாது என்று அதை இந்தப் பக்கமும் இதை அந்தப் பக்கமும் இழுத்துக் கட்டினார், அதில் கால் தடுக்கி நான் நவரை மீன் பெட்டியோடு விழுந்தேன். பிறகு வோலோஸிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார். அவன் சென்ட் வாசனையே மீன் நாற்றத்தை விட மோசம். இரைச்சல் இன்ஜினில் கரண்டு எடுக்கிற ஆல்டர்னேட்டரிலிருந்துதான் வருகிறது என்று அதைக் கழற்றிப் பழையது ஒன்றை மாட்டினான், நடுவில் வடிகட்டி என்று ஒரு டப்பாவையும் வைத்தான். வடிகட்டி என்ன வடிகட்டியதோ, ஙீ அப்படியே வந்தது. நான் சொன்னேன், தம்பி, இன்ஜின் ஓடும்போது மட்டும் வந்தால் சரி, மிதித்தால் கூடினாலும் சரி, இது இன்ஜினை நிறுத்திச் சாவியைத் திருப்பி வைத்தாலே இப்படிக் கத்துகிறதே, அப்புறம் ஆல்டர்னேட்டர் என்ன பாவம் செய்தது என்று. “அண்ணி, நீங்க மீனைப் பாருங்க, இது ஆம்பளைங்க வேலை” என்றார் உன் சித்தப்பா. சீ, எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்த ஆல்டர்னேட்டரைத் தூக்கி அவர் காலில் போட்டிருப்பேன். வண்டியில் செருகியிருந்த ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பார்த்தார்கள், காற்றாடி, ரேடியோ, தராசு விளக்கு, எல்லாம். புனித நிக்கோலாஸ் படத்தின் முன்னால் வந்ததும் மட்டும் இரண்டு பேரும் சிலுவை போட்டுக்கொண்டு தாண்டிப் போனார்கள்.

ஆமாம், ஈஸ்டருக்கு நீ அனுப்பினாயே, அந்தப் படம்தான். கீழே குட்டிச் சிவப்பு விளக்கு, ஒயரைச் சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருக வேண்டும். அது வந்த அன்றே உன் அப்பா முத்தமிட்டு முன் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். அன்றிலிருந்து அணைத்ததே இல்லை.

போன வாரம் உன் வேலை விஷயம் என்ன ஆயிற்று என்று சொல்ல நீ கூப்பிடுவதாக இருந்த நாள், என் போனில் சார்ஜ் இல்லை. உன் அப்பா இறங்கித் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். புனிதரே கொஞ்சம் மன்னியும், என் பிள்ளை கூப்பிடுவாள் என்று சொல்லிக்கொண்டே சார்ஜ் போட அவர் விளக்கின் ஒயரைப் பிடுங்கினேன். இரைச்சல் நின்றுவிட்டது. திரும்பச் செருகினேன், ஙீ. பிடுங்கினேன், ஒன்றும் இல்லை. ஐயோ, அஸிமினா, எந்தக் கடையில் போய் அந்தக் குப்பையை வாங்கினாய்? புனிதரின் காலடியில் வைக்கிற சாமானைக்கூட இப்படியா செய்வார்கள், தூ!

உன் அப்பாவிடம் வாயைத் திறக்கவில்லை. பெண் ஆசையாக அனுப்பியது, தெரிந்தால் உடைந்துபோவார் என்று நினைத்தேன். அவர் மைக்கை எடுத்து நவரை என்றார், மலை முழுக்கக் கேட்டது. காருஃபாலியா தட்டோடு ஓடி வந்து, “இன்னிக்குத்தான்யா உன் தொண்டை திறந்திருக்கு” என்றாள். மதியத்துக்குள் பெட்டி காலி. முந்தின நாள் தான் முறுக்கிய திருகாணியால்தான் சரியாயிற்று என்று உன் சித்தப்பா மார்தட்டிக்கொண்டு இருப்பதிலேயே பெரிய மீனை எடுத்துக்கொண்டு போனார், வெட்கம் கெட்ட மனுஷன். அதற்கப்புறம் தினமும் போன் சார்ஜ் என்று சொல்லி நானே பிடுங்கினேன்.

நேற்று கடைசி ஊர் முடிந்து மைக்கை அணைத்ததும் உன் அப்பா தானாகவே கையை நீட்டி விளக்கைச் செருகினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. “இன்னிக்கு இனிமே கூவி யாரையும் கூப்பிட வேணாம், எரியட்டும்” என்றார். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். விளக்கைச் செருகின அன்றைக்கே தெரியுமாம்! அந்த எலக்ட்ரீஷியன் வண்டியைக் கொத்துக்கறி போட்டபோதும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார், மீனைப் பூனைக்குக் கொட்டியபோதும் நின்றிருக்கிறார். ஐஸ் வாளியை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. ஏன் பிடுங்கவில்லை என்று கத்தினேன். “அது எரிஞ்சிக்கிட்டு இருந்தா அவ அங்க நல்லா இருக்கான்னு எனக்கு ஒரு நெனப்புடி. என் கையால எப்படி அணைக்கிறது? நீ புடுங்கினே, அது உன் பாடு” என்றார்.

அங்கே குளிர் காலம் தொடங்கிவிட்டது, கம்பளி போட்டுக்கொள், வெறும் காபியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. இனி ஒயர் வைத்த எதையும் அனுப்பாதே. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான், மறந்துவிடாதே. நாங்கள் காலையில் மீன் விற்கிற நேரம் உனக்குச் சாயங்காலம். அந்த நேரத்தில் விளக்கு எரியாது. ஒரு நிமிஷம் கூப்பிட்டு, நன்றாக இருக்கிறேன் அப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிடு.

தேவமாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும். உன் அப்பாவின் முத்தங்களும் இதில் உண்டு, அவருக்குத் தெரியாமல் சேர்த்திருக்கிறேன்.

உன் அம்மா,
ஸ்டமாத்தியா