லப்டொப் தேடிய பெயர்

வெள்ளிக்கிழமை, இரவு.

மகள் நிலா கிளிநொச்சியில் ஒரு பழைய லப்டொப் வாங்கி, பஸ்ஸில் உரமூடைகளுக்கு நடுவே மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். அவள் எழுதிய முதல் புரோகிராம் நாளைக்குள் ஓடாவிட்டால் கொம்பியூட்டர் வகுப்பில் இடம் இல்லை. பின்னேரம் முழுக்க அது ஓடவேயில்லை.

"இஞ்ச பாருங்கோ அம்மா, எழுதினதை ஓடவைக்கிற கம்பைலர், இல்லாத ஃபோல்டர் ஒண்டைத் தேடுது. சுதனாம் பேர். முந்தி வைச்சிருந்த ஆளாக்கும்."

போரின் கடைசிச் சண்டையில் காணாமல் போன என் அண்ணனும் சுதன்தான். அவனுக்கு நாங்கள் இன்னும் திவசம் செய்யவில்லை.

நிலா அந்தப் பெயரை அழிக்கப் போனாள்.

"அழிக்காதை பிள்ளை."

"ஐயோ அம்மா, இது மாமா இல்லை. ஆரோ ஒரு பெடியன்."

"ஆரெண்டாலும், தேடுற பேரை அழிக்கக் கூடாது."

"சரி, அப்ப மாமாவுக்கு ஒரு வீடு கட்டுறன்," என்று சிரித்தபடி, அதே பெயரில் ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, தன் புரோகிராமை அதற்குள் வைத்தாள்.

உடனே ஓடியது. கறுத்த திரையில் ஒரு வரி வந்தது. நிலா வாசித்தாள்: "வணக்கம், நான் வந்திட்டன்."

"இது நீ எழுதினதுதானே?"

"ஓம் அம்மா, நான்தான்."

ஆனாலும் எழும்பிப் போய் வாசல் கதவைத் திறந்துவைத்தேன். இன்னும் பூட்ட மனம் வரவில்லை.